நள்ளிரவில் குரைக்கும் இருமல்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. இரண்டு நாளாகச் சளி, லேசான காய்ச்சல். நேற்று நள்ளிரவில் திடீரென்று நாய் குரைக்கிற மாதிரி இருமினான், குரல் கம்மிவிட்டது, அழும்போது மூச்சை இழுத்தால் 'கர்'ரென்று சத்தம். காலையில் கிளினிக்கில் ஓடி விளையாடுகிறான்! டாக்டர் 'குரூப்' என்று சொல்லி ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்தார், ஆன்டிபயாடிக் எழுதவே இல்லை. மாமியார் ஆவி காட்டச் சொல்கிறார். இந்த வயதில் ஸ்டீராய்டு கொடுக்கலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கொடுக்கலாம். உங்கள் டாக்டர் செய்தது சரி. குரூப் பெரும்பாலும் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸால் வருவது, அதனால் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. குரல்வளையும் அதற்குக் கீழே மூச்சுக்குழாயும் வீங்கும். 6 மாதம் முதல் 3 வயது வரை அந்தப் பாதையே குறுகல் என்பதால் கொஞ்சம் வீங்கினாலே இந்தச் சத்தம் வந்துவிடும். அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, சில மணி நேரத்தில் பலன் தெரியும். ஸ்டீராய்டுக்குப் பயப்பட வேண்டியது மாதக்கணக்கில் கொடுக்கும்போதுதான், ஒரு வேளைக்கு அல்ல. ஆனால் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்காதீர்கள்.

ஆவி வேண்டாம், மாமியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. குரூப்புக்கு அது உதவுவதாக நிரூபணம் இல்லை, கொதிக்கிற தண்ணீர் குழந்தை மேல் கொட்டியதுதான் நிறைய நடந்திருக்கிறது. இருமல் சிரப்பும் வீண்.

பகலில் விளையாடினான் என்று நம்பிவிடாதீர்கள், இது இரவில்தான் கூடும், இன்று இரவும் வரலாம். வந்தால் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அழவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழ அழ மூச்சு இன்னும் இழுக்கும். ஸ்பூனை விட்டுத் தொண்டையைப் பார்க்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து குளிர்ந்த காற்று படவைத்தால் சில குழந்தைகளுக்கு ஆறுதலாக இருக்கும் (மே மாதத்தில் நம்ம ஊரில் அதற்கு எங்கே போவது!).

அழாமல் சும்மா இருக்கும்போதே மூச்சிழுப்பில் சத்தம், கழுத்துக்குழியும் விலாவும் உள்வாங்குவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, உதடு நீலமாவது, இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சத்தம் குறைந்து குழந்தை துவண்டுபோனால் அது குணமாவதல்ல, மோசமாவது. ஆஸ்பத்திரியில் அட்ரினலின் மருந்தை நெபுலைசரில் வைப்பார்கள், சட்டென்று மூச்சு சீராகும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கிவிடும், அதனால்தான் சில மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். 'நல்லாத்தானே இருக்கான்' என்று அடம்பிடித்துக் கிளம்பாதீர்கள்.

அப்புறம், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயிலும் இப்படி மூச்சு அடைக்கும் என்பதால் அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய, அந்த நோயையும் தடுக்கும் டிபிடி பூஸ்டர் ஊசி விட்டுப்போயிருந்தால், காய்ச்சல் விட்டதும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம்.