மாக் டெஸ்ட் கோட்டை நம்பி காமெட்கே விண்ணப்பத்தை விட்டுவிடலாமா?

சார், விவேக் நகரிலிருந்து நீங்கள் அனுப்பிய எக்ஸெல் ஷீட்டைப் பார்த்தேன். இரண்டாம் பி.யு.சி. (கர்நாடகத்தின் பிளஸ் டூ) படிக்கும் உங்கள் மகளின் எட்டு வார மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மதிப்பெண்களைப் புள்ளிகளாக வைத்து, ஊடே ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு 24ஆவது வாரத்தில், அதாவது சி.இ.டி. (கர்நாடக அரசின் பொது நுழைவுத் தேர்வு) நடக்கும் ஏப்ரலில், 180க்கு 170 காட்டுகிறது, அப்படியென்றால் காமெட்கே (கர்நாடகத் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) விண்ணப்பம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். கோடு போட்டது நல்ல வேலை, உண்மையாகவே சொல்கிறேன், பெரும்பாலான பெற்றோர் கடைசி டெஸ்ட்டின் மார்க்கை மட்டும் பார்த்துத் திட்டுகிறார்கள் அல்லது துள்ளுகிறார்கள். ஆனால் எட்டு வாரத் தகவலை வைத்துக்கொண்டு இன்னும் பதினாறு வாரம் தாண்டிப் போய்விட்டீர்கள்.

உங்கள் கோட்டின் கணக்கு இதுதான்: 71.6 என்பதிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு 4.1 மதிப்பெண் ஏறுகிறது. அதே கோட்டை இன்னும் மூன்று வாரம் நீட்டுங்கள், 27ஆவது வாரத்தில் 182 வரும். மொத்த மதிப்பெண்ணே 180தான். கோட்டுக்கு அது தெரியாது, தேர்வுக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதும் தெரியாது, மேலே போகப் போக ஒவ்வொரு மதிப்பெண்ணும் கடினமாகும் என்பதும் தெரியாது.

முதல் எட்டு வாரத்தில் ஏறியது எப்படி என்று யோசியுங்கள். கோச்சிங்கில் பாடம் நடக்க நடக்க, முன்பு தொடவே முடியாத கேள்விகள் இப்போது தொட முடிகிறவையாகின்றன, அதனால் மதிப்பெண் வேகமாக ஏறுகிறது. பாடங்கள் முடிந்ததும் இந்த வேகம் குறைவது இயல்பு. இன்னொன்று, சி.இ.டி.யில் நெகட்டிவ் மார்க் கிடையாது. 180 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், கண்ணை மூடிக் குறித்தாலே சராசரியாக 45 வரும். 90 வாங்கிய மாணவி தெரியாத எல்லாவற்றையும் குத்துமதிப்பாகக் குறித்திருந்தால், அவளுக்கு உண்மையில் தெரிந்தவை 60 கேள்விகள்தான். அதனால் டெஸ்ட் முடிந்ததும் "எத்தனை கேள்விக்கு உறுதியாகத் தெரிந்து குறித்தாய்" என்று அவளிடம் கேட்டு, அந்த எண்ணுக்கும் தனியாக ஒரு வரைபடம் போடுங்கள். எனக்கு மொத்த மார்க்கைவிட அந்த வரைபடம்தான் முக்கியம்.

சரி, இப்போது ஐந்தாவது வாரத்துக்கு வருவோம். மதிப்பெண்கள் 78, 84, 83, 92, 70, 101, 103, 109. அந்த 70 மட்டும் தனியாகக் கீழே கிடக்கிறது. உங்கள் கோட்டை மறுபடியும் பாருங்கள், மற்ற ஏழு புள்ளிகளில் ஆறு கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. காரணம், இந்தக் கோட்டைப் போடும் மீச்சிறு வர்க்க முறை (1805இல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் வெளியிட்டது, இன்றும் எக்ஸெல்லின் ட்ரெண்ட்லைன் அதைத்தான் செய்கிறது) ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே கீழே விலகியிருக்கிறது என்பதை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோட்டைத் தேர்ந்தெடுக்கும். வர்க்கப்படுத்துவதால் தூரமாகக் கிடக்கும் ஒரே புள்ளி மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துவிடும். அந்த 70ஐ எடுத்துவிட்டுப் போட்டால் வாரத்துக்கு 4.4 ஏறுகிறது, ஏப்ரல் கணிப்பு 170இலிருந்து 179க்குத் தாவுகிறது. ஒரு புள்ளியை எடுத்ததற்கே 9 மதிப்பெண் மாறும் கணிப்பை நம்பி ஒரு நுழைவுத் தேர்வையே விடலாமா?

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் தெரிந்திருப்பதால் அதைத் தள்ளிவைக்கலாம், ஆனால் அழிக்காமல் வேறு நிறத்தில் வைத்திருங்கள். மார்க் குறைந்தது என்பதற்காக மட்டும் எந்தப் புள்ளியையும் தூக்கக் கூடாது, அப்படித் தூக்கினால் அந்த வரைபடம் உங்கள் ஆசையைத்தான் காட்டும்.

இந்தக் கோடு எதற்குத்தான் உதவும் என்றால், அடுத்த டெஸ்ட்டுக்கு. ஒன்பதாவது வாரத்துக்கு அந்த 70ஐச் சேர்த்த கோடு 108 சொல்கிறது, அதை விட்டுப் போட்ட கோடு 113. ஆகவே 110ஐச் சுற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஐந்தாறு மதிப்பெண் விட்டு எதிர்பாருங்கள். 104 வந்தாலும் கலங்க வேண்டாம். தொடர்ந்து மூன்று டெஸ்ட் கோட்டுக்குக் கீழேயே விழுந்தால் அப்போது உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றுக்கும் தனித்தனி வரைபடம் வேண்டும், மொத்த மார்க் ஏறும்போது ஒரு பாடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டால் கூட்டுத்தொகையில் அது கண்ணுக்கே படாது.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம், படித்த நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் போட்டது, எனக்குக் கவலை தந்தது. நேரம் கூடியபோது மதிப்பெண்ணும் கூடியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அதே வாரங்களில் பாடமும் நடந்து முடிந்திருக்கிறது, டெஸ்ட் எழுதும் பழக்கமும் வந்திருக்கிறது. எது எதனால் ஏறியது என்று இந்தப் படத்தால் சொல்ல முடியாது. தினம் ஏழு மணி நேரத்தைத் தாண்டாத குழந்தையிடம் பன்னிரண்டு மணி நேரம் உட்காரச் சொல்ல அதில் ஒரு புள்ளிகூட ஆதாரம் இல்லை. தூக்கத்தில் கை வைக்காதீர்கள் சார், கெஞ்சிக் கேட்கிறேன்.

பொறியியல் ரேங்க்கில் பாதிதான் சி.இ.டி. மதிப்பெண், மறுபாதி பி.யு.சி.யில் அந்த மூன்று பாடங்களின் மதிப்பெண். உங்கள் கோடு அந்தப் பாதியைத் தொடவே இல்லை. கல்லூரித் தேர்வு மதிப்பெண்களையும் அனுப்புங்கள். போன வருட ரேங்க் பட்டியலை மட்டும் வைத்து சீட்டை உறுதி செய்துவிடவும் முடியாது, மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இந்த ஷீட்டை அவளே நிரப்பட்டும். அவளுக்கு இதில் ஆர்வம் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும்தான் வழி என்று இல்லை, மைசூர் ரோட்டிலேயே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையம் இருக்கிறது, அங்கே பி.மேத் (கணிதப் பட்டப்படிப்பு), கொல்கத்தாவில் பி.ஸ்டாட் (புள்ளியியல் பட்டப்படிப்பு), இரண்டையும் அவளிடம் சொல்லிவையுங்கள். காமெட்கே விண்ணப்பம் திறந்ததும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ஒன்பது, பத்து, பதினொன்றாவது வார மதிப்பெண்களோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பாடங்களின் வரைபடத்தையும் சேர்ந்தே பார்ப்போம்.