முன்பின் மதிப்பெண் மட்டும் போதாது

வணக்கம், ஆசிரியை. சுங்கை சிப்புட் தோட்டப் பள்ளியில் கற்பித்துக்கொண்டே முதுகலை ஆய்வு செய்யும் தாங்கள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மூன்றாம் வகுப்பு வாசிப்புச் சட்டத்தை அதற்கு முந்தைய, பிந்தைய மதிப்பெண்களை மட்டும் ஒப்பிட்டு மதிப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது போதாது என்பதே என் கருத்து. 2016இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, பின்தங்கியோரை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் விதி 2020-21 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது, 2023இல் நீக்கவும்பட்டது. இடையில் பெருந்தொற்று வேறு.

மேலும், பின்தங்கிய பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே தங்கிவிட்டால், யாரும் கூடுதலாகக் கற்காமலேயே நான்காம் வகுப்பின் சராசரி உயர்ந்துவிடும். ஆகவே, நிறுத்திவைப்புக்கான நிர்ணய மதிப்பெண்ணுக்குச் சற்றே மேலும் கீழும் பெற்ற மாணவர்களை, அவர்களுள் நிறுத்திவைப்பிலிருந்து விலக்குப் பெற்றவர் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் கொண்டு, ஒப்பிடுங்கள்.

ஆசிரியர் தரப்பை மதிப்பெண் காட்டாது. 2010இல் நம் மலேசியப் பள்ளிகளுக்கு வந்த, எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதிக்கும் லினஸ் திட்டத்தின் சாரிங்கான் (வடிகட்டல்) சோதனைகளும் பதிவுகளும் பாட நேரத்தை எவ்வளவு தின்றன என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மிச்சிகனிலும் சோதனைக்குச் செலவான நேரம், வாசிப்புப் பயிற்றுநரிடம் கிடைத்த உதவி, மூன்றாம் வகுப்பை விட்டு வேறு வகுப்புக்கு மாறிய ஆசிரியர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனியாகத் திரட்டுங்கள்.