பலகையை மாற்றினால் பாரம்பரியம் போய்விடுமா?

மரத்தாலான பழைய ரோலர் கோஸ்டர்களில் பலகைகளை மாற்றிக்கொண்டே இருந்தால் அவற்றைப் பாரம்பரியச் சின்னம் என்பது தகுமா என்று தக்கலை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். தகும் என்பதே என் உறுதியான பதில்.

நம் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாட்டைத் தொடாமல் பார்த்துவிட்டு வந்தால் போதும். ரோலர் கோஸ்டர்களிலோ ஆட்கள் ஏறி அமர்கிறார்கள். திறந்தவெளியில் மழையும் வெயிலும் பட்டு மரம் உளுத்துப்போகும், ஓடும் வண்டியின் அதிர்வில் போல்ட்டுகள் தளரும் என்பதால், கெட்ட பலகையைக் கழற்றி அதே அளவில் புதியதைப் பொருத்துவது தொடக்கத்திலிருந்தே இவற்றின் வழக்கமான பராமரிப்புதான். காக்க வேண்டியவை பாதையின் வடிவமும் கட்டுமான முறையும் ஓட்டும் விதமும் ஆகும்.

இங்கிலாந்தின் மார்கேட்டில் 1920-இல் திறக்கப்பட்ட சீனிக் ரயில்வே என்ற மர ரோலர் கோஸ்டர் 2008-இல் தீயில் பெருஞ்சேதம் அடைந்தது. 2015-இல் அது மீண்டும் ஓடியபோது பெட்டிகள் புதியவை. ஆனால் வண்டியிலேயே பயணம் செய்து, நெம்புகோலைக் கையால் இயக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் பணியாளர் முன்போலவே இருந்தார். அவரை நீக்கியிருந்தால், ஒரு பலகைகூட மாறாவிட்டாலும், பெரிய இழப்பு நேர்ந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

மடிக்குக் குறுக்கே வரும் பாதுகாப்புக் கம்பி போன்றவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம்; பின்னாளில் பழைய மரத்துக்குச் சேதமின்றிக் கழற்றக்கூடியவாறு பொருத்தினால் நல்லது.