346,000 கிலோமீற்றர் ஓடிய கார்: கேட்டவற்றுக்குப் பதில்

என்னுடையது 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 (121 என்பது அதற்கு அடுத்த மொடல்). பதினான்கு வருஷமாகக் கொழும்பில் ஓட்டுகிறேன், ஒவ்வொரு செலவும் ஒரு கொப்பியில் இருக்கிறது. பழைய கார்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு அந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 250,000 ஓடிய 121 கொரோலா ஒன்று, 95,000 காட்டுகிற இன்னொன்று. விலை ஒன்றுதான். எதை எடுக்க? (தெஹிவளை)

தம்பி, மீற்றரைத் திருப்புவது லேசான வேலை. இருபது வருஷக் காருக்கு 95,000 என்றால் வருஷத்துக்கு 5,000கூட வரவில்லை, அப்படியும் இருக்கலாம், ஆனால் சர்விஸ் பில்லைக் கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுத்து, ஓட்டுநர் சீட்டின் ஓரம் நைந்து போயிருந்தால் அந்த 95,000ஐ நம்பாதீர்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள், பின்னால் ஒருவர் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. பில்லோடு வருகிற 250,000தான் என் தெரிவு.

110இன் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்கிறார் கராஜ் பாஸ். அவசியமா? (பம்பலப்பிட்டி)

அவசியம் அக்கா. எஞ்சினின் கிராங்க், கேம் இரண்டையும் இசைவாகச் சுற்றவைக்கிற பெல்ட் அது. 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. பழைய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற கையோடு கிராங்க், கேம் ஒயில் சீல்களையும் மாற்றிவிட்டால் கூலி ஒருமுறைதான். 121 பெட்ரோலில் செயின், அதற்கு இந்தக் கவலை இல்லை.

ட்ராஃபிக்கில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். (கொட்டாஞ்சேனை)

தயவுசெய்து கழற்ற வேண்டாம்! எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற வால்வு அது. எனக்கு ஒரு கராஜில் சொல்லாமலே கழற்றிவிட்டார்கள். எஞ்சின் சூடாகவே மாட்டேன் என்றது, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடியது 9க்கு இறங்கியது, காரணம் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஏசியைப் போட்டதும் சுற்றுகிறதா? சுற்றினால், ரேடியேட்டரின் வெளித் தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். ஓடும்போதும் ஏறினால் பெரும்பாலும் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் அது வருகிறது, கூலன்ட்டே போடுங்கள். இந்த வயசுக் காரைக் கொல்வது ஓட்டமல்ல, சூடு.

கடலுக்குப் பக்கத்தில்தான் பார்க் பண்ணுகிறேன். கறளுக்கு என்ன செய்வது? (வெள்ளவத்தை)

சூட்டுக்கு அடுத்த எதிரி இதுதான். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும், மண்ணும் இலைத் துகளும் சேர்ந்து அவை அடைபடும். ஒரு சைக்கிள் கம்பியால் குத்திப் பாருங்கள், என் காரில் தேத்தண்ணி நிறத்தில் அரைக் கோப்பை வடிந்தது. அங்கே பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே தகரம் ஏற்கெனவே போய்விட்டது, உடனே வெட்டி வேலை செய்வியுங்கள், மேலே பூசி மறைக்காதீர்கள். டிக்கியில் ஸ்பெயார் டயருக்குக் கீழும் ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

2025இல் வாகன இறக்குமதி திறந்துவிட்டதே, விற்றுவிட்டுப் புதிசு எடுக்கலாமா? (மருதானை)

வரியோடு விலையைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசில் ஒரு பங்கு போதும், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சாமான் வாங்கி உங்கள் காரை முழுதாகச் செய்துவிடலாம். ஓல்டர்னேட்டர், விளக்கு, கதவுப் பிடி எல்லாம் பாவித்தது எடுக்கலாம். பெல்ட், ஹோஸ், பிரேக் சாமான் மட்டும் புதிசாகவே வேண்டும். கழற்றிய பழையதைக் கையில் கொண்டு போங்கள், ஒப்பிட்டு வாங்கலாம்.