பம்ப், வளையம், ஷாக்வேவ்: டாக்டர் பதில்கள்

கேள்வி: வயது 54. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் விறைப்புக் குறைக்கு சில்டெனாஃபில் (வயாகரா) தொடவே கூடாது என்றுவிட்டார்கள். வேறு வழி உண்டா?

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் வேக்குவம் பம்ப். குறியின் மேல் குழாயைப் பொருத்திக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் வந்து நிறையும். அடியில் வளையத்தை இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்ற வேண்டும். தாம்பத்தியத்தை இதயம் தாங்குமா என்று மட்டும் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கருவிதான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டயர் தொழில் செய்துவந்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்பவர் தன் குறைக்காகத் தானே செய்துகொண்டது, 1982இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. வயாகரா வந்ததே 1998இல்.

கேள்வி: வளையம் போட்டதும் சில்லென்று ஆகி, லேசாக நீலம் பாரிக்கிறது. பயமாக இருக்கிறது, சார்.

பதில்: ரத்த ஓட்டம் தடைபடுவதால் அப்படி ஆகும். 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட்டால் பயமில்லை. போட்டபடி தூங்கிவிடாதீர்கள். வளையம் தொலைந்துவிட்டது என்று ரப்பர் பேண்ட் மாட்டுகிற வேலையும் வேண்டாம். அப்புறம் அவசரப் பிரிவில் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: விந்து வெளியே வருவதில்லையே?

பதில்: வளையம் தடுக்கிறது. கெடுதல் இல்லை.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் பம்ப் பயன்படுத்தலாமா?

பதில்: உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். மருந்து எழுதித் தந்த டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்குப் 12 வருடமாகச் சர்க்கரை. ஆறு முறை ஷாக்வேவ் கொடுத்தால் விறைப்புக் குறை நிரந்தரமாகச் சரியாகும் என்று ஒரு கிளினிக்கில் முன்பணம் கேட்கிறார்கள், டாக்டர்.

பதில்: கட்டாதீர்கள், அம்மா. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே அதிர்வலையை மிகக் குறைந்த வீரியத்தில் கொடுப்பதுதான் இது. இஸ்ரேலின் ஹைஃபா டாக்டர்கள் 20 பேரிடம் செய்துபார்த்து 2010இல் வெளியிட்டார்கள். ரத்தக் குழாய்க் கோளாறு லேசாக இருப்பவர்களுக்கு ஓரளவு பலன் தெரிகிறது. நாள்பட்ட சர்க்கரையில் நரம்பும் கெட்டிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்க யூராலஜி சங்கம் 2018 வழிகாட்டியில் இதை ஆய்வு நிலையில்தான் வைத்தது. எந்த மெஷின் என்றும் கேளுங்கள். 'ரேடியல்' என்றால் அது தசைவலிக்குப் பிசியோதெரபியில் வைக்கிற வகை. அதன் அலை ஆழமாக இறங்காது.

கேள்வி: வயது 41. வேறு நோய் எதுவும் இல்லை. ஆன்லைனில் பம்ப் வாங்கிக்கொள்ளட்டுமா?

பதில்: முதலில் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் பாருங்கள், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்குக் காலையிலேயே ரத்தம் கொடுங்கள். குறிக்குப் போகும் குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெல்லியவை. அதனால் அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். பிறகு வாங்கினாலும், அழுத்தம் அளவு மீறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.