மருந்து அசல்தான், நோய்தான் வேறு

கேள்வி: பூசணி, பீர்க்கு இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கடையில் போய்ச் "சாம்பல் நோய்க்கு மருந்து வேண்டும்" என்றேன். மெட்டலாக்சிலும் மான்கோசெப்பும் கலந்த பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு முறை தெளித்தும் வெள்ளை பரவிக்கொண்டேதான் இருக்கிறது. இது போலி மருந்தா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழப்பம் பெயரில் இருக்கிறது. கொடிக் காய்களைத் தாக்கும் இரண்டு நோய்களுக்குத் தமிழில் "சாம்பல்" என்றே பெயர் வைத்துவிட்டோம்: ஒன்று சாம்பல் நோய், மற்றொன்று அடிச்சாம்பல் நோய். பெயரில்தான் உறவு, மருந்தில் இல்லை.

உங்கள் கொடியில் இருப்பது முதலாவது. விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டும். இலை நனையாமலே பரவும் பூஞ்சை அது. மழையே இல்லாத நாளிலும் காற்றில் வித்துகள் வந்து சேர்ந்துவிடும். அடிச்சாம்பலில் இலையின் மேற்புறம் நரம்புகளுக்கு இடையே கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளிகள் தெரியும். ஈரமான காலையில் இலையைத் திருப்பினால் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூச்சு இருக்கும். அதை உண்டாக்குவது அசல் பூஞ்சைகூட அல்ல, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய வேறோர் உயிரி. மெட்டலாக்சில் அந்த வகை உயிரிகளுக்கான மருந்து. மாவுப் பூஞ்சையிடம் அதற்கு வேலை இல்லை. கூட இருக்கும் மான்கோசெப்பையும் இந்த நோய்க்கு நம்ப முடியாது.

பணத்தைப் பொறுத்தவரை, லேபிளில் எந்தப் பயிர், எந்த நோய் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். உங்கள் நோய் அதில் இல்லாமலிருந்து, நீங்கள் இலையைக் காட்டியும் அதைத் தந்திருந்தால் கடைக்காரரிடம் தாராளமாக வாதாடலாம். வெறுமனே "சாம்பல்" என்று மட்டும் கேட்டிருந்தால் அவரிடமும் பதில் இருக்கிறது. ரசீதும் தொகுதி எண் உள்ள உறையும் இல்லாமல் புகாரை நிரூபிப்பது கடினம் என்பதால் இரண்டையும் தூக்கி எறியாதீர்கள்.

அடுத்த முறை நோயுற்ற இலையை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆரம்ப நிலை என்றால் நனையும் கந்தகத்தூள் போதும். ஆனால் கடும் வெயிலில் கந்தகம் கொடி இலைகளைக் கருக்கிவிடும், முலாம்பழம் இதில் மிக மென்மையானது. நான்கு இலைகளில் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். எண்ணெய் வகை மருந்து தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் வேண்டாம்.

இன்னொரு வலையும் உண்டு. ஒரு மருந்து கேட்கவில்லை என்று வேறு பெயரில் இன்னொன்றை வாங்குகிறோம். உள்ளே அதே குழுவைச் சேர்ந்த, அதாவது பூஞ்சையை அதே விதத்தில் தாக்கும் சரக்கு. அசாக்சிஸ்ட்ரோபின், டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் இரண்டும் 11-ஆம் குழு. சாம்பல் நோய்ப் பூஞ்சை அக்குழுவுக்குப் பழகி, மருந்துக்கு அடங்காமல் போனது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வணிகப் பெயரை விட்டுவிட்டு மூலப்பொருளின் பெயரையும் குழு எண்ணையும் படியுங்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வெள்ளரி பறிப்பவருக்கு ஏழு நாள் காத்திருப்புச் சொல்லும் மருந்து எதற்கு?

கேள்வி: விதைப் பாக்கெட்டில் "நோய் எதிர்ப்பு ரகம்" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பதில்: எந்த நோய் என்று சொல்லாத எதிர்ப்பு வெறும் விளம்பரம். நல்ல உறையில் குறியீடு இருக்கும். "எச்.ஆர்." என்றால் உயர்ந்த எதிர்ப்பு, "ஐ.ஆர்." என்றால் நடுத்தரம், நடுத்தரத்தில் நோய் வரும், குறைவாக வரும். பக்கத்தில் "பி.எக்ஸ்." இருந்தால் சாம்பல் நோய்க்கு, "பி.சி.யு." இருந்தால் அடிச்சாம்பலுக்கு. முலாம்பழம் என்றால் பூஞ்சையின் எந்த இனத்துக்கு என்று எண்ணும் இருக்கும். உங்கள் வட்டாரத்தில் வேறு இனம் உலவினால் அந்த எதிர்ப்பு உதவாது.