பொறியியல் கலந்தாய்வு: மதிப்பெண், சான்றுகள், விருப்பப் பட்டியல் – கேள்வி பதில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகளிலும், அதன் உறுப்புக் கல்லூரிகளிலும், தமிழ்நாட்டின் மற்ற பொறியியல் கல்லூரிகளிலுள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் சேர்வது குறித்து மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையத்தில் சான்றிதழ் சரிபார்ப்புப் பணியில் நெடுங்காலம் இருந்திருக்கிறேன். நல்ல மதிப்பெண் இருந்தும் ஒரு சான்று உரிய நேரத்தில் கையில் இல்லாததால் தமக்குரிய ஒதுக்கீட்டை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பதால், சான்றுகள் பற்றிய கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குத் தனி விண்ணப்பமோ நுழைவுத் தேர்வோ உண்டா, ஐயா?

இரண்டும் இல்லை, தம்பி. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நீக்கப்பட்டு, 2007–08 கல்வியாண்டு முதல் பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே நடைபெறுகிறது. கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டையிலுள்ள மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.) ஆகிய மூன்றும் பல்கலைக்கழக வளாகங்களே என்றாலும், அவற்றின் இடங்களும் ஒரே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. கலந்தாய்வுக் குறியீட்டு எண்களில் கிண்டிக்கு 1, அழகப்பாவுக்கு 2, எம்.ஐ.டி.க்கு 4 என்பதை விருப்பப் பட்டியல் இடும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜே.இ.இ. தேர்வு திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கானது. இந்தக் கலந்தாய்வில் அதன் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. கட்டடக்கலைப் பட்டப்படிப்புக்கு மட்டும் திறனறித் தேர்வு மதிப்பெண் தேவை. அதன் சேர்க்கையும் தனியாக நடக்கும்.

1997 முதல் பல ஆண்டுகள் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைப் பல்கலைக்கழகமே நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஆகவே விண்ணப்பம் குறித்த ஐயங்களுக்குப் பல்கலைக்கழக வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்திலுள்ள சேவை மையமே போதும்.

கேள்வி: கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடப்படுகிறது? என் மகள் கணிதத்தில் 94, இயற்பியலில் 88, வேதியியலில் 91 பெற்றிருக்கிறாள்.

கணித மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டு, மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படும். உங்கள் மகளுக்கு 94, 44, 45.5 சேர்ந்து 183.5 வருகிறது.

இதே 183.5-ஐ, கணிதத்தில் 96, இயற்பியலில் 86, வேதியியலில் 89 பெற்ற மாணவரும் பெறுவார். அப்போது கணிதத்தில் கூடுதலாகப் பெற்ற அந்த மாணவரே தரவரிசையில் முன்னே வருவார். கணிதமும் சமமானால் இயற்பியல், அதுவும் சமமானால் நான்காவது விருப்பப் பாடம், பிறகு பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாமே சமமாக இருந்தால்தான், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி ஒதுக்கும் பத்து இலக்க ரேண்டம் எண் பயன்படும். ரேண்டம் எண் வெளியாகும் நாளில் அதைப் பார்த்துக் கலங்கும் வீடுகள் பல உண்டு. பெரும்பாலானவர்களின் இடத்தை அது தீர்மானிப்பதே இல்லை.

கேள்வி: பிளஸ் டூ தேர்ச்சி பெற்றிருக்கிறேன், மதிப்பெண் குறைவு. விண்ணப்பிக்கலாமா?

தேர்ச்சியும் தகுதியும் ஒன்றல்ல என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். அதாவது 300-க்கு 135 அல்லது 120. மூன்றிலும் தலா 35 எடுத்துத் தேர்ச்சி பெற்றவர் 105-இல் நின்றுவிடுவதால் அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படாது. உங்கள் கூட்டுத்தொகை இந்த எல்லையைத் தாண்டியிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். கட்-ஆஃப் குறைவு என்பதற்காக விண்ணப்பிக்காமல் விடுவது வேண்டாம், ஏனெனில் கடைசிச் சுற்றிலும் இடங்கள் இருக்கவே செய்கின்றன.

கேள்வி: தாவரவியல், விலங்கியல் எடுத்துப் படித்தேன்; கணிதம் இல்லை. எனக்கு வழி உண்டா?

பொதுப்பிரிவுக் கலந்தாய்வில் இல்லை. வணிகக் கணிதமும் கணிதத்துக்கு ஈடாகாது. தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கீடும் தனித் தரவரிசையும் உண்டு.

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் நான். 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் பொதுத் தரவரிசையில் என் இடம் போய்விடுமா?

போகாது, அம்மா. பொதுத் தரவரிசையிலும் உங்கள் பெயர் இருக்கும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தரவரிசையிலும் இருக்கும். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த முன்னுரிமை கிடைக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கமாட்டா. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. சலுகை இந்த ஒதுக்கீட்டின் வழியாகப் பெறும் இடத்துக்குத்தான் என்பதால், இரண்டு வழியிலும் இடம் கிடைக்கும் நிலை வந்தால் வீட்டின் பொருளாதாரத்தையும் சேர்த்து எண்ணி முடிவெடுங்கள்.

ஏழு ஆண்டுகளில் இரண்டு மூன்று பள்ளிகள் மாறியிருந்தால், எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதைப் பழைய மாற்றுச் சான்றிதழ்களை வைத்து இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் நீங்கள் தரும் விவரமும் கல்வித் துறைப் பதிவும் ஒத்துப்போகவில்லை என்றால், பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும். தகுதி முழுமையாக இருந்தும், எட்டாம் வகுப்பு படித்த ஊரைவிட்டுக் குடும்பம் வெளியேறிவிட்டதால் சான்று வாங்கத் தாமதமான பிள்ளைகளின் தவிப்பை நேரில் பார்த்தவன் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

கேள்வி: நான் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். எனக்கு எதுவும் கிடையாதா?

7.5 விழுக்காடு கிடைக்காது. ஆனால் உதவிபெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய தமிழ்வழிக் கட்டுமானவியல், இயந்திரவியல் படிப்புகளையும் பரிசீலியுங்கள்.

கேள்வி: சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருக்கிறது. மத்திய அரசின் ஓ.பி.சி. சான்று போதுமா? முன்னேறிய வகுப்பினருக்கான 10 விழுக்காடு உண்டா?

ஓ.பி.சி. சான்று இங்கே பயன்படாது. மாநில அரசு வழங்கும் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. எனப் பிரிவைத் தெளிவாகக் குறிப்பிடும் சாதிச் சான்றே வேண்டும். பழைய அட்டை எழுத்து மங்கியிருந்தால், இ-சேவை மையத்தின் வழியாக மின்னொப்பம் இட்ட சான்றாக மாற்றிவிடுங்கள். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மண்டலத் துணை வட்டாட்சியரும், பட்டியல் வகுப்பினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் நிலை அலுவலரும் சான்று வழங்குவார்கள். பழங்குடியினர் சான்றுக்கு விசாரணை நீளும் என்பதால், பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பிக்கும்படி ஆசிரியர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சான்று தராதவர் பொதுப் பிரிவில் வைக்கப்படுவார். மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் 26.5 பி.சி.க்கும், 3.5 பி.சி. முஸ்லிம்களுக்கும், 20 எம்.பி.சி.க்கும், 18 எஸ்.சி.க்கும் (அதற்குள் 3 அருந்ததியருக்கு), 1 எஸ்.டி.க்கும் உரியது. எஞ்சிய 31 விழுக்காட்டில் எல்லாப் பிரிவினரும் தரவரிசைப்படி போட்டியிடலாம். முன்னேறிய வகுப்பினருக்கான 10 விழுக்காடு இந்தக் கலந்தாய்வில் நடைமுறையில் இல்லை.

கேள்வி: என் மூத்த மகன் பி.ஏ. முடித்திருக்கிறான். இளைய மகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்று வாங்கலாமா?

முடியாது, ஐயா. குடும்பத்தில் ஒருவரும் பட்டம் பெறாத நிலையில் முதலில் படிக்க வருபவருக்கே அது வழங்கப்படுகிறது. கூட்டு உறுதிமொழியில் பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்லாமல் தாத்தா பாட்டியின் கல்வித் தகுதியும் கேட்கப்படும். தவறான விவரம் தந்தால் பிற்பாடு மகளுக்குத்தான் சிக்கல். எஸ்.சி., எஸ்.டி. குடும்பமாகவும் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ளும் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான) உதவித்தொகைக்கான வருமானச் சான்றை வாங்கி வையுங்கள்.

தகுதியுள்ள மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தபின் இந்தச் சான்றைக் காட்டிப் பயனில்லை.

கேள்வி: நாங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், மகன் பெங்களூரில் சி.பி.எஸ்.இ.யில் படித்தான்.

விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. உங்கள் மகனுக்கு அது கட்டாயம். உங்கள் பூர்விக ஊர் அடங்கிய வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியாக இ-சேவையில் பெறுங்கள். பிற மாநிலத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருந்தால் பொதுப் பிரிவில் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தோம். ஓ.டி.பி. அவர்களுடைய எண்ணுக்குத்தான் போகிறது. பரவாயில்லையா?

உடனே மாற்றுங்கள். விருப்பப் பட்டியலைப் பூட்டுவது முதல் ஒதுக்கீட்டை உறுதிசெய்வது வரை எல்லாமே அந்தக் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சார்ந்தவை. கடை பூட்டியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையின் இடத்தைப் பறித்துவிடலாம். சேவை மையத்துக்குச் சென்றால் விண்ணப்பிக்கவும் திருத்தவும் கட்டணமின்றி உதவுவார்கள். பதிவுக் கட்டணமான 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாய், இதைத் தவிர யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: விருப்பப் பட்டியலில் கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால், கிடைக்கக்கூடியதும் கைநழுவிவிடும் என்கிறார்களே?

இந்த அச்சம் முற்றிலும் தவறானது. ஆண்டுதோறும் நல்ல தரவரிசை உள்ள மாணவர்களையே இது பாதிக்கிறது. உங்கள் தரவரிசைக்குரிய முறை வரும்போது, கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் விருப்பத்தில் இடமில்லை என்றால் இரண்டாவதுக்குப் போகும், அதிலும் இல்லையென்றால் மூன்றாவதுக்கு. மேலே எத்தனை எட்டாத விருப்பங்கள் இருந்தாலும், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் உங்களை முந்திக்கொண்டு கீழேயுள்ள இடத்தை எடுத்துவிட முடியாது. மாறாக, சென்ற ஆண்டுக் கட்-ஆஃபைப் பார்த்து "இதுதான் கிடைக்கும்" என்று சுமாரான கல்லூரியை முதலில் வைத்தால், அதைவிட நல்லது கிடைக்கும் நிலை இருந்தும் கணினி அங்கேயே நின்றுவிடும். ஆகவே வரிசையைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் உண்மையான விருப்பம் மட்டுமே.

எத்தனை விருப்பங்கள் தரலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. பத்தோடு நிறுத்திக்கொண்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போவதைவிட, கிடைத்தால் சேர்ந்துவிடுவேன் என்று நீங்கள் கருதும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒருபோதும் சேர மாட்டேன் என்பதை எழுதாதீர்கள். பாடப்பிரிவா, கல்லூரியா என்று கேட்டால், கட்டமைப்பும் ஆசிரியர்களும் உள்ள கல்லூரிக்கே என் வாக்கு.

கேள்வி: தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் ஐந்து வாய்ப்புகள் காட்டுகிறார்கள். எதைத் தேர்வது?

கிடைத்தது பிடித்திருந்தால் ஏற்றுச் சேருங்கள். பிடித்திருக்கிறது, ஆனால் பட்டியலில் இன்னும் மேலே உள்ளதும் வேண்டுமென்றால், ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்குக் காத்திருங்கள். மேலே கிடைக்காவிட்டாலும் கையிலிருப்பது இருக்கும். மூன்றாவது, கிடைத்ததை மறுத்துவிட்டு மேல்நோக்கிய நகர்வை மட்டும் கேட்பது. இதை மிகவும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மேலே எதுவும் காலியாகாவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கையோடு நிற்க நேரும். அடுத்த சுற்றுக்குப் போவது, கலந்தாய்விலிருந்தே விலகுவது ஆகியவை மற்ற இரண்டு. உறுதிசெய்யத் தரப்படும் அவகாசம் மிகக் குறுகியது என்பதால் அந்த நாள்களில் பயணம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். உறுதிசெய்யாமல் விட்டால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறிவிட்டேன், துணைத் தேர்வு எழுதுகிறேன். என் நண்பன் டிப்ளமோ முடித்திருக்கிறான். எங்களுக்கு?

துணைத் தேர்வில் தேர்ச்சி பெறுவோருக்காக, பொதுச் சுற்றுகள் முடிந்தபின் துணைக் கலந்தாய்வு நடைபெறுகிறது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் வருவதற்கு முன்பே மற்ற சான்றுகளைத் தயாராக வைத்திருங்கள், ஏனெனில் அந்த விண்ணப்பத்துக்கான காலம் குறுகியது. உங்கள் நண்பர் நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் விண்ணப்பமும் தரவரிசையும் வேறு.